கவிழ்ந்திருந்த கோப்பை

அந்தக் கூட்டுக்குடியிருப்பில் அவளை எல்லோரும் வக்கீலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கோர்ட் வாசலை அவள் மிதித்ததுகூட இல்லை. பிழைப்புக்கு மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். ஆனால் யாருக்காவது ஒரு குறை என்று காதில் விழுந்தால் போதும், சம்பந்தப்பட்டவர் கேட்டாரோ இல்லையோ, அவர் சார்பில் வாதாடக் கிளம்பிவிடுவாள். கடைக்கு வருகிறவர்களிடமே, "எழுத்து தெரியலைன்னு சொல்ல உங்களுக்குக் கூச்சம். நான் சொல்றேன், உங்களுக்குத் தெரியலை" என்று ஒரு நம்பர் கூட்டிக் கொடுத்து அனுப்புகிற ஆள்.

குடியிருப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு முற்றத்தைச் சுற்றி வளைத்துக் கட்டிய மாடி வீடுகள். வீட்டுக்கு வீடு தனி அடுப்பு உண்டு என்றாலும், முற்றத்தின் ஒரு பக்கம் எல்லோருக்கும் பொதுவாகச் சமையலறையும் கூடமும். அதை ஒட்டித் துணி துவைக்கும் அறை. வாரம் ஒருமுறை முறைவைத்துச் சமைத்து, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மாடிப்படிக்கு என்ன பெயிண்ட் அடிப்பது என்பதுவரை கூட்டம் போட்டுத்தான் முடிவு. "நாங்க அக்கம்பக்கம் இல்லைங்க, ஒரே குடும்பம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொள்வதில் அவர்களுக்கு ஒரு தனிச் சுகம்.

குடும்பம்தான், யார் இல்லையென்றது. ஆனால் அந்தக் குடும்பத்தில், கூடத்தின் நடுவில் வட்டமாகப் போட்ட நாற்காலிகள் சொந்தவீட்டாருக்கு. வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஜன்னலோரப் பெஞ்சு. அவர்களும் முறை வந்தால் சமைக்கலாம், பாத்திரம் கழுவலாம், முற்றம் கூட்டலாம். அதில் ஒரு பாகுபாடும் கிடையாது. முடிவு எடுக்கும்போது மட்டும் ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கலாம்.

முடிவு எடுப்பதற்கென்று அவர்களிடம் ஒரு விநோத வழக்கம் இருந்தது. ஆரம்பத்தில் கை தூக்கித்தான் பார்த்தார்கள். யார் தூக்கினார், யார் தூக்கவில்லை என்று கணக்கு வைத்து, ஒரே சுவரைப் பங்குபோட்ட இரண்டு வீட்டார் வருஷக்கணக்கில் முகம் பார்க்காமல் போனார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் கோப்பை. கூட்டம் முடியும்போது எல்லோருக்கும் டீ. எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைக் கோப்பை. குடித்துவிட்டு ஒவ்வொருவராகச் சமையலறைக்குள் போய், அங்கிருக்கும் பெரிய தட்டில் கோப்பையை வைத்துவிட்டு வர வேண்டும். சம்மதம் என்றால் நிமிர்த்தி, சம்மதமில்லை என்றால் கவிழ்த்து. ஒரே ஒரு கோப்பை கவிழ்ந்திருந்தாலும் முடிவு நின்றுபோகும். கவிழ்த்தவர் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, "நான்தான், இதுதான் காரணம்" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால், அந்தக் குறையைத் தீர்க்க எல்லோரும் சேர்ந்து வழி பார்ப்பார்கள். யாரும் வாய் திறக்காவிட்டால் விஷயம் அத்தோடு கிடப்பில்.

பெஞ்சுக்காரர்களுக்கும் டீ உண்டு. அவர்கள் கோப்பைக்கு வேறு தட்டு.

இந்தப் பெஞ்சுக்காரர்களுக்குக் கிடைத்த வரம்தான் வக்கீலம்மா. கூட்டத்துக்கு முந்தின சாயங்காலம் ஒவ்வொருவராக அவள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். அவள் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்து, சோபாவைத் தட்டிப் போட்டு, டீ வைத்துக் காத்திருப்பாள். சைக்கிள் நிறுத்த இடமில்லை என்று ஆரம்பிப்பார்கள்; அவள் "ம்... ம்..." என்று கேட்கிற கேள்வியில் மாமியார் சண்டை, மச்சினன் கடன், பிள்ளையின் மார்க் என்று எல்லாம் கொட்டிவிடும். ஊர்க்கதை முழுக்க வாசலுக்கே வந்து இறங்குகிற இப்படி ஒரு வசதி யாருக்கு வாய்க்கும்? அவர்கள் போன பிறகு அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். "பாவம், என்னை விட்டா அவங்களுக்கு யாரு இருக்கா?" என்பாள் புருஷனிடம். அவர் பஸ் டிப்போவில் நேரம் போடுகிற வேலை. யார் எப்போது கிளம்பினார், யார் லேட் என்பதெல்லாம் பார்த்துப் பார்த்து, வாயைத் தேவைக்கு மேல் திறப்பதில்லை.

வந்தவர்களில் அவளுக்கு ரொம்பப் பிடித்தது லிஃப்ட் பழுதுபார்க்கிற பெண். ஒரு கம்பெனியில் மெக்கானிக். கையில் எப்போதும் கிரீஸ் வாசம், பேச்சில் ஒரு நேர். புருஷனுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். முதல் தடவை வந்தபோது நுனி சோபாவில் உட்கார்ந்தவள், போகப்போகக் காலை மடக்கி உட்கார்ந்து "அக்கா, அக்கா" என்று மனசு விட்டுப் பேச ஆரம்பித்தாள். நடுவில் கொஞ்ச காலம் புருஷன் வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வந்ததைக்கூட அந்த சோபாவில்தான் சொன்னாள்.

அதை வக்கீலம்மா வெளியே விடவில்லை என்றா நினைக்கிறீர்கள்? விட்டாள், நல்ல எண்ணத்தோடுதான். ஒரு கூட்டத்தில் வாதம் சூடேறியபோது, "அந்தப் பொண்ணு பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமா? கட்டினவன் விட்டுட்டுப் போயும் ஒத்தையா நின்னு குழந்தையைப் பாத்துக்கிட்டவ! அவளுக்கு ஒரு கொடிக்கயிறு கட்ட இடம் குடுக்க மாட்டீங்களா?" என்று கூடமே அதிரக் கேட்டாள். பெஞ்சில் இருந்த மெக்கானிக் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். கொடிக்கயிறு கிடைத்தது. வக்கீலம்மா அன்று வீட்டுக்குப் போய் இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்தாள், அவ்வளவு வெற்றி.

அந்த வேகத்தில்தான் அவள் பெரிய விஷயத்தையே கையில் எடுத்தாள்: வாடகைக்கு இருப்பவர்களும் இனி முழு உறுப்பினர்கள். நாற்காலியும் உண்டு, கோப்பையும் உண்டு.

சும்மா சொல்லக்கூடாது, மாய்ந்து மாய்ந்து பேசினாள். "இன்னிக்கு இருப்பாங்க, நாளைக்குப் போயிடுவாங்க" என்று ஒருவர் இழுத்தபோது, "நீங்க மட்டும் என்ன, கல்லுல செதுக்கியா வச்சிருக்கு?" என்றாள். வீட்டுச் சொந்தக்காரரும் குடியிருப்பவரும் இரண்டு பேருமே கோப்பை வைத்தால் ஒரே வீட்டுக்கு இரண்டு ஆகாதா என்று இன்னொருவர் கேட்டதற்கு, "அவர் இருக்கறது வேற தேசத்துல. அங்கேருந்து கோப்பையை வீசி எறியப் போறாரா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக முகங்கள் இளகின. பிரேக்கின் முகம் மட்டும் எப்போதும்போல இருந்தது.

பிரேக் என்பது ஓய்வுபெற்ற ரயில் டிரைவர். எதைச் சொன்னாலும் "கொஞ்சம் நிறுத்துங்க" என்று ஆரம்பிப்பதால் வந்த பெயர். மாடிப்படி பெயிண்டைக்கூட மூன்று கூட்டம் நிறுத்தி வைத்த மனிதர். அன்றும், "கொஞ்சம் நிறுத்துங்க. டீயைக் குடிச்சிட்டு யோசிப்போம்" என்று மட்டும் சொன்னார்.

டீ வந்தது. வக்கீலம்மா கோப்பையோடு ஜன்னலோரம் வந்து, ஜெயித்த களிப்பில் மெக்கானிக்கின் தோளைத் தட்டினாள். மெக்கானிக் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை. எங்க கம்பெனியில வேற ஊருக்குக் கூப்பிடறாங்க. போறதா இருக்கறதான்னு ரெண்டு மனசா இருந்தோம். இது நடந்துட்டா இருந்துடுவோம். இல்லைன்னா எத்தனை நாளைக்கு அக்கா விருந்தாளி மாதிரியே இருக்கறது?"

"அதெல்லாம் நடந்தாச்சுன்னு வச்சுக்கோ."

"இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன் அக்கா. எதுவா இருந்தாலும் நானே எழுந்து கேட்டுக்குவேன். உங்களுக்கும் சாயங்காலம் ரெஸ்ட் கிடைக்கும்."

நன்றியில் சொன்ன வார்த்தைதான். அதில் ஒரு முள்ளும் இல்லை. ஆனால் வக்கீலம்மா அந்த வார்த்தையைத் தூக்கிக்கொண்டே சமையலறைக்குள் போனாள். தட்டில் ஏற்கெனவே சில கோப்பைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. அவளுக்கு ஏனோ தன் சோபாதான் கண்ணில் தெரிந்தது: தட்டிப் போட்ட சோபா, ஆறிப்போகிற டீ, தட்டப்படாத கதவு. சாயங்காலம் முழுக்க ரெஸ்ட். அந்த ரெஸ்டில் அவளும் டிப்போக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

கை தன் போக்கில் திரும்பியது என்று பிறகு அவளே தனக்குச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பொய். அடியில் மிச்சமிருந்த டீயைத் தொட்டியில் ஊற்றி, தட்டில் வட்டம் விழாமல் இருக்க விளிம்பைத் துடைத்து, சத்தம் வராமல் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் வந்தாள்.

அந்த மாதத் தலைவர் பல் டாக்டர். சட்டதிட்டம் என்றால் பல்லைப் பிடுங்குவதுபோலவே பொறுமையாக, வேர்வரை போகிறவர். சமையலறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர், "ஒண்ணு கவிழ்ந்திருக்கு" என்றார்.

அத்தனை தலையும் ஒரே நேரத்தில் பிரேக்கின் பக்கம் திரும்பியது.

"என்னை ஏன் பாக்கறீங்க? நான் நிமிர்த்திதான் வச்சேன்" என்றார் அவர்.

"நாங்க ஒண்ணும் சொல்லலையே மாமா" என்றாள் ஒருத்தி, எல்லாம் சொல்லிவிட்ட குரலில்.

வக்கீலம்மாவும் திரும்பிப் பார்த்தாள். அவரைப் பார்த்து வருத்தமாகத் தலையைக்கூட ஆட்டினாள். இரண்டு கையையும் விரித்து மெக்கானிக்கிடம், "என்னால ஆனதைப் பண்ணிட்டேன்மா" என்றாள். மெக்கானிக்தான் அவளுக்கு ஆறுதல் சொன்னாள்.

அடுத்த கூட்டம் வரைக்கும் குடியிருப்பு பிரேக்கை நடத்திய விதம் இருக்கிறதே, யாரும் ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. அதுதான் அவர்களுடைய நாகரிகம். அவர் முற்றத்தில் வந்து உட்கார்ந்தால் மற்றவர்களுக்கு அடுப்பில் ஏதோ வைத்த ஞாபகம் வந்துவிடும். அவர் வீட்டுக் கசிகிற குழாயைப் பார்க்க வருவதாகச் சொன்னவருக்கு முதுகுவலி வந்துவிட்டது. வக்கீலம்மா கடைக்கு அவர் கண்ணாடிக் காம்பு தளர்ந்துவிட்டதென்று வந்தபோது, அவள் நிமிர்ந்து பார்க்காமல் திருகை இறுக்கிக் கொடுத்தாள்.

"வக்கீலம்மா, நீங்க சொல்லுங்க. நான் வேணாம்னா வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆளு. எனக்கு எதுக்கு ஒளிஞ்சு கவிழ்க்கற வேலை?"

"அதெல்லாம் விடுங்க மாமா. யாரோ கவிழ்த்துட்டாங்க."

"நீங்க ஒருத்தராவது நம்பறீங்களே" என்றார் அவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டே. "இப்ப நல்லா தெரியுது."

அவர் போன பிறகு அவளால் நெடுநேரம் எதிர்ச்சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் பார்க்க முடியவில்லை. பெரிய எழுத்துகூட நீச்சலடித்தது.

வீட்டிலோ வேறு கதை. அன்று சாப்பிட்டு முடித்துவிட்டு டிப்போக்காரர் விரலைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"ஏன், யாரு கவிழ்த்ததுன்னு இன்னும் கண்டுபிடிக்கலையா?"

"எனக்கெதுக்குங்க அந்த வம்பு?"

"அப்படியா?" அவர் துண்டை மடித்து வைத்தார். "மொட்டைமாடியில யாரு துப்பினாங்கன்னு நீ வீடு வீடாப் போய் விசாரிச்சவ. இதை மட்டும் விட்டுட்டியே."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாயை வேகமாகத் திறந்துவிட்டாள். அவர் பின்னாலேயே வரவில்லை, திட்டவில்லை, "ஏன்" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதரின் வாயைத் திறக்க வைக்கப் பாடுபட்டவள், அன்று முதல் தடவையாக, ஏன்தான் திறந்தாரோ என்று நினைத்தாள்.

சொல்லிவிடலாம் என்று நினைக்காமல் இல்லை. மெக்கானிக் வீட்டு வாசல்வரை போனாள். உள்ளே பெட்டி இழுக்கிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்த மெக்கானிக், "வாங்க அக்கா. கம்பெனிக்கு நாளன்னிக்குள்ள பதில் சொல்லணும். அடுத்த கூட்டத்துலயும் யாரும் வாய் திறக்கலைன்னா கிளம்பறோம். பொண்ணுதான் அழுதுக்கிட்டு இருக்கா" என்றாள். வக்கீலம்மா, மழை வரும்போல இருக்கிறது, கொடியில் காய்ந்த துணியை எடுக்கச் சொல்ல வந்ததாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

கூட்ட நாள். பொதுச் சாப்பாட்டு நாளும் அதுதான். சூப்பும் ரொட்டியும் தயார். பரிமாறுகிற முறை வக்கீலம்மாவுடையது, அதனால் இடுப்பில் ஏப்ரனோடுதான் வட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். பல் டாக்டர் எழுந்தார்.

"போன தடவை ஒரு கோப்பை கவிழ்ந்திருந்தது. கவிழ்த்தவர் சொல்லலாம். இல்லைன்னா விஷயத்தை மூடிடுவோம்."

வக்கீலம்மா ஏப்ரன் நாடாவை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், சுற்றினாள். பேசாமல் இருந்தால் போதும். ஆயுசுக்கும் அவளுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்த ஒரே வேலை, அன்று அவ்வளவு சுலபமாக வந்தது.

நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. பிரேக் எழுந்து நின்றிருந்தார்.

"சரி. நான்தான். போதுமா? நான்தான் கவிழ்த்தேன், இப்ப நிமிர்த்திடறேன். அந்தக் குடும்பம் போக வேணாம்."

ஒரு பெரிய பெருமூச்சு கூடத்தைச் சுற்றி வந்தது. பார்த்தாயா, சொன்னேன் இல்லையா என்று கண்ணும் கண்ணும் பேசிக்கொண்டன.

"காரணம் சொல்லணும் மாமா" என்றார் பல் டாக்டர்.

பொய் சொல்ல எழுந்தவர், காரணத்தைத் தயார் செய்துகொண்டு வரவில்லை. பாவம், பழக்கமில்லை. இங்கும் அங்கும் பார்த்தார். வாசலருகே மெக்கானிக் மகளின் சக்கரச் செருப்புகள் கிடந்தன.

"அது... அந்தப் பாப்பா சக்கரச் செருப்பை மாட்டிக்கிட்டு நடைபாதையில கடகடன்னு ஓட்டறா. எனக்குத் தூக்கம் கெடுது. அதான்."

"தாத்தா, நீங்கதானே அதுக்கு எண்ணெய் போட்டுக் குடுத்தீங்க?" என்றது குழந்தை.

"எண்ணெய் போட்டும் சத்தம் வருதே, என்ன பண்றது!"

எல்லோரும் சிரித்தார்கள். மெக்கானிக் சிரிக்கவில்லை. பெஞ்சிலிருந்து எழுந்து வந்து மகளின் முதுகில் கை வைத்தாள். அவள் முகம் சிவந்திருந்தது.

"மன்னிச்சிடுங்க மாமா. எங்களுக்குத் தெரியலை. இனிமே ஓட்ட மாட்டா. நீ தாத்தாகிட்ட ஸாரி சொல்லு."

"நான் என்ன பண்ணேன்?"

"சொல்லுன்னா சொல்லு."

குழந்தையின் உதடு துடித்தது. இத்தனை பேருக்கு நடுவில் நின்று, செய்யாத தப்புக்கு, தனக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தவரிடமே மன்னிப்புக் கேட்கப்போகிறது. பிரேக் இரண்டு கையையும் ஆட்டி, "வேணாம், வேணாம்" என்கிறார், மெக்கானிக் விடவில்லை.

"அது என்னோட கோப்பை" என்றாள் வக்கீலம்மா.

பல் டாக்டர் பெருமையாகப் புன்னகைத்தார்.

"வக்கீலம்மா, இதுக்கும் வாதாட வந்துட்டீங்களா? பெரியவரைக் காப்பாத்தறதுக்காக உங்க தலையில போட்டுக்காதீங்க."

"என்ன மனசு பாருங்க!" என்றாள் ஒருத்தி. இன்னொருவர் கைதட்டவே ஆரம்பித்துவிட்டார்.

"ஐயோ, இல்லைங்க. நிஜமாவே நான்தான் கவிழ்த்தேன்."

"நீங்களே கொண்டுவந்த தீர்மானத்தை நீங்களே ஏன் கவிழ்ப்பீங்க?"

அவள் ஆயுசில் எத்தனையோ பேர் நல்லவர்கள் என்று நிரூபித்திருக்கிறாள். தான் கெட்டவள் என்று நிரூபிப்பது இவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்தது. டிப்போக்காரரைப் பார்த்தாள். அவர் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். உதவிக்கு வரமாட்டார். எழுந்து நின்றாள். ஏப்ரனில் கையைத் துடைத்தாள், ஈரமே இல்லாத கையை.

"அன்னிக்கு இந்தப் பொண்ணு என்கிட்ட, இனிமே உங்க வீட்டுக்கு வரவேண்டிய அவசியம் இருக்காது, நானே பேசிக்குவேன்னு சொல்லிச்சு. எனக்கு... எனக்கு அது பிடிக்கலை. இவங்கல்லாம் என்கிட்ட வந்து நிக்கணும். நான் போய்ப் பேசி வாங்கிக் குடுக்கணும். இவங்களுக்கே கோப்பை வந்துட்டா என்னை யாரு தேடி வருவா? அதான் கவிழ்த்தேன். பெரியவரை எல்லாரும் பாத்தப்ப நானும் பாத்தேன்."

இந்தத் தடவை எல்லோரும் நம்பினார்கள். நம்பியது முகங்களில் தெரிந்தது. கைதட்டியவர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டார். அவளுக்குக் காது மடல் எரிந்தது. அப்படியே ஓடிப்போய் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டால் தேவலை.

"நான் வாபஸ் வாங்கிக்கறேன்" என்றாள்.

அங்கேதான் பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். "வெட்கப்பட்டு வாபஸ் வாங்கறது செல்லாதுங்க. நம்ம முறை அது இல்லை. குறைன்னு ஒண்ணு சொல்லிட்டாங்க. அதைத் தீர்க்க வழி பாத்துட்டுத்தான் மேல போகணும். சொல்லுங்க, இவங்களைத் தேடி ஆள் வரமாட்டாங்கங்கற குறைக்கு என்ன பண்ணலாம்?"

கிண்டல் இல்லை. அந்த மனிதர் முழு மனசோடு கேட்டார். அதைவிடக் கொடுமை, மற்றவர்களும் முழு மனசோடு யோசித்தார்கள்.

"முறை போட்டு, தினம் ஒருத்தர் சாயங்காலம் அவங்க வீட்டுக்குப் போய்ட்டு வரலாமே?"

"எனக்கு வியாழக்கிழமை முடியாது."

"நூலகப் பொறுப்பு காலியா இருக்கு. அதைக் குடுத்தா நாலு பேர் வருவாங்க."

"யாருங்க நம்மகிட்ட புஸ்தகம் எடுக்கறாங்க? பாவம், அங்கயும் தனியாத்தான் உக்காந்திருப்பாங்க."

"வாடகைவீட்டார் பிரதிநிதின்னு ஒரு கௌரவப் பதவி வச்சிடுவோம். அவங்களுக்குக் கோப்பை வந்தாலும், பேசறது வக்கீலம்மாவே பேசட்டும். ரெண்டு பக்கமும் திருப்தி."

வக்கீலம்மா நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தன்னை நடுவில் வைத்துக்கொண்டு, தன் சார்பில், தன்னைக் கேட்காமல் ஒரு கூடமே அக்கறையாகப் பேசினால் எப்படி இருக்கும் என்பதை அவள் அதுவரை பார்த்ததில்லை. ஜன்னல் பக்கம் பார்க்கலாம் போலிருந்தது. அங்கே பெஞ்சு இருந்தது, பெஞ்சில் ஆட்கள் இருந்தார்கள்.

"நான் பேசலாமா?" என்றாள் மெக்கானிக்.

வட்டம் திடுக்கிட்டது. பழக்க தோஷம், எல்லோரும் வக்கீலம்மாவைத்தான் பார்த்தார்கள். பெஞ்சில் யாருக்காவது பேச வேண்டுமென்றால் அவள்தானே எழுந்து "என்ன சொல்ல வர்றாங்கன்னா" என்று ஆரம்பிப்பாள். வக்கீலம்மா வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

"அவளே சொல்லட்டும்" என்றார் டிப்போக்காரர். கூட்டத்தில் அவர் பேசியதை யாரும் கேட்டதே இல்லை.

மெக்கானிக் வட்டத்தின் ஓரத்துக்கு வந்து நின்றாள். நடுவுக்கு வரவில்லை. பார்வை வக்கீலம்மாவின் மேல் இருந்தது.

"கொடிக்கயிறு வாங்கிக் குடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா? நான் கயிறு கேக்கலை. துணி துவைக்கற அறைச் சாவி கேட்டேன். நான் வேலை முடிஞ்சு வர்றப்ப அறை பூட்டியிருக்கும், சாவி சொந்தவீட்டார்கிட்டதான் இருக்கும். உங்ககிட்ட ரெண்டு தடவை சொன்னேன். நீங்க கயிறுன்னு பேசினீங்க. சரி, நமக்காகப் பேசறவங்களைத் திருத்தக்கூடாதுன்னு விட்டுட்டேன். இன்னமும் துணியைக் குளியலறையிலதான் துவைக்கறேன்."

யாரோ இருமினார்கள்.

"எங்க வீட்டு விஷயத்தை நடுக்கூடத்துல சொன்னீங்க. அதையும் விட்டுட்டேன். என் வீட்டுக்காரர் அன்னிலேருந்து எந்தக் கூட்டத்துக்கும் வரலை, நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. உங்க சோபாவுல உக்காந்து நான் சொன்னதெல்லாம் அக்காகிட்ட சொல்றேன்னு நெனச்சு சொன்னது. வக்கீல்கிட்ட கேஸ் சொல்றேன்னு நெனைக்கலை."

வக்கீலம்மாவின் பார்வை தரையில் இருந்தது. தரையில் ஒரு ரொட்டித் துணுக்கு கிடந்தது. கூட்டுகிற முறை யாருடையது என்று அவள் மனம் அந்த நேரத்திலும் தேடியது, தேடிய தன்னை நினைத்து இன்னும் கூசியது.

"பதவியெல்லாம் வேணாம்" என்று மெக்கானிக் பல் டாக்டரிடம் திரும்பினாள். "அவங்க குறையை எங்களை வச்சுத் தீர்க்காதீங்க. அது அப்படியே இருக்கட்டும். எங்களை எடுத்துக்கறீங்களா இல்லையா, அதைச் சொல்லுங்க."

பல் டாக்டர் குழம்பிப்போனார். சட்டப்படி ஒரு வாக்கியம் இன்னும் பாக்கி இருந்தது. "வக்கீலம்மா, முறைப்படி கேக்கறேன். உங்க குறை தீர்ந்ததா?"

"தீரலை" என்றாள் அவள். "இருந்தாலும் நிமிர்த்தி வைக்கறேன்."

"என்ன சொன்னாங்க? கேக்கலை" என்றாள் வட்டத்தின் மறுபக்கத்திலிருந்து காது மந்தமான ஓர் அத்தை. "கொஞ்சம் உரக்கச் சொல்லச் சொல்லுங்க."

"தீரலை" என்று வக்கீலம்மா உரக்கச் சொன்னாள். கூடத்தின் எந்த மூலைக்கும் எட்டுகிற குரல் அவளுடையது, எட்டியது.

டீ வந்தது. யாரும் ருசித்துக் குடித்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். வக்கீலம்மா போனபோது, அவள் சமையலறையில் இருந்த அந்தக் கொஞ்ச நேரமும் கூடத்தில் பேச்சே இல்லை. பல் டாக்டர் பார்த்துவிட்டு வந்து, "எல்லாம் நிமிர்ந்திருக்கு" என்றார். குழந்தைதான் முதலில் கத்தியது. பெஞ்சிலிருந்தவர்கள் எழுந்து வர, நாற்காலிகள் கீறிக்கொண்டு நகர்ந்தன, வட்டம் அகலமானது. மெக்கானிக் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிரேக்கின் பக்கத்தில் போட்டாள்.

"மாமா, பொய் சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் நிறுத்தி யோசிச்சிருக்கலாம்ல?" என்றாள்.

"எனக்கு நிறுத்த மட்டும்தான்மா தெரியும், யோசிக்கத் தெரியாது" என்றார் அவர். அவர் பக்கம் வராமல் இருந்தவர்களெல்லாம் ரொம்பப் பலமாகச் சிரித்தார்கள்.

பரிமாறுகிற முறையை மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள் என்று வக்கீலம்மா ஒரு நிமிஷம் எதிர்பார்த்தாள். யாரும் சொல்லவில்லை. சூப்புப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வட்டத்தின் உள்பக்கமாக ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து குனிந்து ஊற்றிக்கொண்டே வந்தாள். நன்றி சொன்னவர்கள் கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னார்கள். பிரேக் மட்டும், "எனக்கு அடியில இருக்கற காய் நிறையப் போடுங்க" என்று கிண்ணத்தை நீட்டினார்; எதுவுமே நடக்காதது மாதிரி. அது திட்டைவிடச் சுட்டது.

அடுத்தது மெக்கானிக். வக்கீலம்மா ஊற்றினாள். விளிம்பில் கொஞ்சம் சிந்தியது. வழக்கமாக இந்த இடத்தில் "போதும் அக்கா, போதும் அக்கா" என்று கிண்ணத்தை மூடிக்கொண்டு சிரிக்கிறவள் அவள். அதற்காகக் காத்திருந்த மாதிரி வக்கீலம்மாவின் அகப்பை கொஞ்சம் அதிகமாகவே நின்றது.

"போதுங்க" என்றாள் மெக்கானிக், மரியாதையாக.

வக்கீலம்மா தலையாட்டிவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்ந்தாள்.